ரிஜெக்ட் யூனிட்டும் மென்பொருள் சோதனையும்: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

மலேசியாவில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது. அதையடுத்து அந்த வட்டாரத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் பினாங்கு, பிறை, பட்டர்வொர்த் தமிழ்க் குடும்பங்களின் ஒரு தலைமுறைப் பெண்கள் ஆப்பரேட்டர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அவர் வேலை செய்த பிரிவுக்கு 'டெஸ்ட்' என்று பெயர். ஒவ்வொரு சில்லையும், அதாவது சிப்பையும், பொறி தன் சாக்கெட்டில் பொருத்தி, மின்சாரம் செலுத்தி, இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் வரவேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை வேறொரு தட்டிலும் போடும்.

ஆனால் ஷிஃப்ட் தொடங்கியதும் அந்தப் பொறிக்குள் முதலில் போவது புதிய சரக்கு அன்று. சிவப்பு ஒட்டு ஒட்டிய சிறிய பெட்டியில் தனியே வைத்திருக்கும் ரிஜெக்ட் யூனிட்டுகளை, அதாவது கெட்டவை என்று முன்பே உறுதிசெய்யப்பட்ட சில்லுகளை, அம்மா முதலில் போடுவார். பொறி அவற்றைத் தள்ளிவிட்டால் வேலை தொடங்கும். அவற்றில் ஒன்றையாவது 'நல்லது' என்று சொல்லிவிட்டால் லைன் நிற்கும், டெக்னீஷியன் வருவார், முந்தைய ஷிஃப்டில் தேறிய சரக்கெல்லாம் மறுபடி சோதனைக்குப் போகும். கெட்டது என்று தெரிந்த ஒன்றை எதற்காகப் போடவேண்டும் என்று சிறுமியாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன். "நல்லதை நல்லதுன்னு எந்த மெஷினும் சொல்லும்மா. கெட்டதைக் கெட்டதுன்னு சொல்லுதான்னு பார்க்கணும்" என்றார்.

மென்பொருள் துறைக்கு வந்த பிறகு நான் கற்ற பழக்கங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது தானியங்கிச் சோதனை எழுதும் பழக்கம். அதன் உயிர்நாடி அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும், பினாங்கிலோ கோலாலம்பூரிலோ முதல் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் அதை இங்கே விளக்குகிறேன்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் 1 காசு நாணயம் புழக்கத்தில் தேவைப்படாமல் போயிற்று. ரொக்கமாகப் பணம் செலுத்தும்போது பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்கிறார்கள். ரசீதின் அடியில் 'ரவுண்டிங்' என்று ஒரு வரி வருமே, அதுதான். மொத்தம் 1 அல்லது 2 காசில் முடிந்தால் கீழே இறங்கி 0 ஆகும். 3 அல்லது 4 என்றால் மேலே ஏறி 5 ஆகும். 6, 7 கீழே இறங்கி 5 ஆகும். 8, 9 மேலே ஏறி அடுத்த 10 ஆகும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நீங்கள் பில் போடும் நிரல் எழுதுகிறீர்கள் என்றும், இந்தச் சரிசெய்தலுக்காக ஒரு செயற்கூறு, அதாவது நிரலாளர்கள் ஃபங்ஷன் என்று சொல்லும் சிறு நிரல் துண்டு ஒன்றை, எழுதிவிட்டீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

தொடங்குபவர் அடுத்து என்ன செய்வார்? நிரலை ஓட்டுவார், 12 வெள்ளி (ரிங்கிட்) 41 காசு என்று கொடுப்பார், 12 வெள்ளி 40 காசு என்று வரும். சரி, வேலை செய்கிறது என்று அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். இது தவறான செயல் அன்று. ஆனால் அந்தச் சோதனை நடந்ததற்கு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. மூன்று வாரம் கழித்து வேறொரு காரணத்துக்காக அதே செயற்கூற்றில் ஒரு வரியை மாற்றும்போது, அன்று பார்த்த எல்லாவற்றையும் மறுபடி பார்க்கவேண்டும் என்று அவருக்கு நினைவிருக்காது. நினைவிருந்தாலும் நேரம் இருக்காது.

தானியங்கிச் சோதனை என்பது அப்படிக் கண்ணால் பார்த்ததை எழுதி வைப்பதுதான். 'இந்தச் செயற்கூற்றுக்கு 1241 காசு கொடுத்தால் 1240 காசு திரும்பவேண்டும்' என்ற வாக்கியத்தை நிரலாகவே எழுதி, தனிக் கோப்பில் வைக்கிறோம். அதில் மூன்று படிகள் இருக்கும். தேவையானவற்றை எடுத்து வைப்பது முதற்படி; செயற்கூற்றை அழைப்பது இரண்டாவது; வந்த விடையை நாம் எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுவது மூன்றாவது. பைத்தான் மொழியில் அந்த ஒப்பீட்டுக்கு 'அஸர்ட்' என்ற சொல் இருக்கிறது. பைடெஸ்ட் போன்ற கருவி அப்படிப்பட்ட கோப்புகளைத் தேடியெடுத்து வரிசையாக ஓட்டி, ஒப்பீடு பொருந்தினால் பச்சையும் பொருந்தாவிட்டால் சிவப்பும் காட்டும். ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் ஜேயூனிட் என்ற கருவியை கென்ட் பெக், எரிக் காமா என்ற இரு நிரலாளர்கள் 1997இல் ஒரு விமானப் பயணத்தின்போது சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள். இன்று ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் அதன் வழிவந்த கருவி ஒன்று உண்டு. நூறு சோதனைகள் இருந்தாலும் சில விநாடிகளில் ஓடி முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் மறுபடி கேட்பது சுமையாகத் தெரியாது.

எந்த எண்களைக் கேட்பது?

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன். 1241, 1249 என்று இரண்டு எண்களை எடுத்துச் சோதித்துவிட்டு நிறைவடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு விதி எங்கே திசை மாறுகிறதோ அங்கேதான் பிழை ஒளிந்துகொள்ளும். நம் கணக்கில் 1242 கீழே இறங்குகிறது, 1243 மேலே ஏறுகிறது. 1247 கீழே இறங்குகிறது, 1248 மேலே ஏறுகிறது. ஆகவே அந்த நான்கும்தான் முதலில் எழுதவேண்டியவை. அடுத்து, ஏற்கெனவே 5இல் முடியும் 1245 அப்படியே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கும் அடுத்து, ஒன்றுமே வாங்காத 0.

பிறகு விதியைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்கும் சோதனை ஒன்று வேண்டும். ஒரு கோப்பை தே தாரிக் 2 வெள்ளி, அதற்கு 6 விழுக்காடு சேவை வரி, ஆக 2 வெள்ளி 12 காசு. மூன்று பேர் குடித்தால் 6 வெள்ளி 36 காசு. மொத்தத்தைச் சரிசெய்தால் 6 வெள்ளி 35 காசு. ஆனால் நிரல் எழுதியவர் ஒவ்வொரு கோப்பையின் விலையையும் தனித்தனியே சரிசெய்துவிட்டால் 2 வெள்ளி 10 காசு மூன்று முறை சேர்ந்து 6 வெள்ளி 30 காசு ஆகிவிடும். ஒரு மேசைக்கு 5 காசு வேறுபாடு. மாலையில் கல்லாவில் இருக்கும் பணமும் கணக்கும் ஒத்துப்போகாதபோது, கடைக்காரர் முதலில் சந்தேகப்படுவது நிரலை அன்று, கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நம்முடைய ஒரு வரி இன்னொருவருடைய நேர்மையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க முடியும் என்பதால்தான் இந்தச் சோதனைகளை நான் இவ்வளவு முக்கியமாக எண்ணுகிறேன்.

நான் மேலே 12 வெள்ளி 41 காசை 1241 என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பணத்தைப் புள்ளி வைத்த எண்ணாக வைக்காமல் முழு எண்ணாகக் காசிலேயே வைப்பது நல்ல பழக்கம். பத்தில் ஒன்று என்ற எண்ணைக் கணினி தன் இரும எண் முறையில் துல்லியமாக எழுத முடியாது; மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போனாலும் முடியாததைப் போலத்தான் இதுவும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். 2.675ஐ இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கச் சொன்னால் 2.68 வராமல் 2.67 வரும். இவ்வளவு சிறிய பிசகால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி வந்ததில் ஏற்பட்ட இதே வகைப் பிசகு சுமார் 100 மணி நேரத்தில் சேர்ந்து மூன்றில் ஒரு விநாடியானதால், வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். பில் போடும் நிரலில் உயிர் போகாது என்றாலும், பிசகு சேரும் விதம் ஒன்றேதான்.

விதி மாறும்போது

சோதனையின் அருமை நிரலை முதன்முதலில் எழுதும் நாளில் முழுதாகத் தெரிவதில்லை. விதி மாறும் நாளில்தான் தெரியும். நம் நாட்டில் வரி விதி எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1 அன்று அது 0 ஆக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 மார்ச் 1 அன்று சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு மாற்றங்கள். இதில் நான்காவது மாற்றம் ஒரு கண்ணியையும் வைத்திருந்தது: எல்லாச் சேவைகளும் 8 விழுக்காட்டுக்கு ஏறவில்லை, உணவும் பானமும் 6 விழுக்காட்டிலேயே நின்றன.

மேல்மாடியில் தங்கும் அறைகளும் கீழே உணவகமும் உள்ள, சேவை வரிக்குப் பதிவு செய்த ஒரு சிறிய ஹோட்டலுக்கு நீங்கள் நிரல் எழுதியிருந்தால் அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் என்ன செய்திருப்பீர்கள்? நிரலில் 6 என்று இருந்த இடத்தையெல்லாம் தேடி 8 ஆக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் சாப்பாட்டுக்கும் 8 விழுக்காடு வாங்கத் தொடங்கிவிடுவீர்கள். '20 வெள்ளி சாப்பாட்டுக்கு வரியோடு 21 வெள்ளி 20 காசு' என்ற பழைய சோதனை கோப்பில் இருந்திருந்தால், மாற்றிய அடுத்த நிமிடமே அது சிவப்பாகி உங்களைத் தடுத்திருக்கும். அறைக்கோ தேதியைப் பார்க்கும் சோதனைகள் இரண்டு வேண்டும்: 150 வெள்ளி அறையில் பிப்ரவரி 29ஆம் தேதி தங்கிச் சென்றவருக்கு 159 வெள்ளி, மார்ச் 1ஆம் தேதி வந்தவருக்கு 162 வெள்ளி. 2024 நெட்டாண்டு என்பதால், மாதத்தின் கடைசி நாள் 28 என்று எங்கேனும் எழுதி வைத்திருந்தால் அதுவும் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

நீண்ட நாள் உயிரோடிருக்கும் நிரல் பலமுறை மாற்றப்படும் நிரல். வேலைக்குச் சேரும் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கப்போவது வெற்றுத் தாள் அன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி, பலர் கை வைத்து, எழுதியவர் சிங்கப்பூருக்கோ வேறு நிறுவனத்துக்கோ போய்விட்ட நிரல். அதில் ஒரு வரியை மாற்றும்போது கை நடுங்குவது இயல்பு. அந்த நிரலைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களிடம், அதன் சோதனைக் கோப்புகளை முதலில் படியுங்கள் என்றே சொல்கிறேன். நிரல் எப்படி வேலை செய்கிறது என்பதை நிரலே சொல்லும். அது எதற்காக இருக்கிறது என்பதைப் பல நேரங்களில் சோதனைதான் சொல்லும்.

பச்சை பொய் சொன்ன எட்டு வாரம்

என் முதல் வேலையில் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை, தவறு என்னுடையது. ஒரு சேவைக்குப் பெயர் பதிவு செய்யும் படிவத்தைச் சரிபார்க்கும் செயற்கூறு என் பொறுப்பில் இருந்தது. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டைகளில் மகன் என்பதற்கு ஆனாக் லெலாக்கி என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கமாக ஏ/எல் என்றும், மகள் என்பதற்கு ஏ/பி என்றும் பெயருக்கு நடுவே இருப்பதை நாம் அறிவோம். அந்தச் சாய்கோட்டைப் பெயரில் வரக்கூடாத குறி என்று எண்ணித் தள்ளிவிடும் படிவங்களோடு போராடாத தமிழர் இந்நாட்டில் குறைவு. நானும் போராடியிருக்கிறேன். ஆகவே நான் எழுதும் படிவத்தில் அது நடக்கக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். என் பெயரையே ஏ/பியோடு கொடுத்து ஒரு சோதனை எழுதினேன். பச்சை வந்தது. எட்டு வாரம் ஒவ்வொரு நாளும் பச்சையாகவே வந்தது.

படிவம் வெளியான நாளில், பெயரில் ஏ/பி உள்ள ஒரு பெண் பதிவு செய்ய முடியவில்லை என்று தொலைபேசியில் அழைத்தார். சோதனையைத் திறந்து பார்த்தேன். செயற்கூற்றை அழைத்திருந்தேன், வந்த விடையை ஒரு பெயரில் சேமித்தும் இருந்தேன், அந்த விடையை எதனோடும் ஒப்பிடவில்லை. மூன்றாவது படியான அஸர்ட் வரி இல்லவே இல்லை. ஒப்பிடாத சோதனை தோற்க வழியில்லை, தோற்க முடியாததால் எப்போதும் பச்சை காட்டியது. அன்று இரவு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது, கணினி நிரல் பற்றி எதுவும் படிக்காத அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ரிஜெக்ட் யூனிட் ஒன்னு போட்டுப் பார்க்கலையா?" என்பதுதான்.

தோற்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்காத சோதனையை நம்பக்கூடாது என்ற பாடம் எனக்கு அப்படித்தான் வந்தது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செயற்கூற்றை எழுதுவதற்கு முன்பே சோதனையை எழுதிவிடுவது: முதலில் ஓட்டும்போது செயற்கூறு இல்லாததால் சிவப்பு வரும், வரவேண்டும், பிறகு செயற்கூற்றை எழுதி அதைப் பச்சையாக்குவது. கென்ட் பெக் பரப்பிய இந்த முறையைச் சோதனை வழி நிரலாக்கம் என்கிறார்கள். எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். என்ன செய்யப்போகிறோம் என்றே தெரியாமல் தேடிப்பார்க்கும் கட்டத்தில் அது காலைக் கட்டிவிடுகிறது. மற்றொரு வழி, நிரலை எழுதி முடித்த பிறகு வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்து, சோதனை சிவப்பாகிறதா என்று பார்த்துவிட்டு, பழையபடி மாற்றி வைப்பது. அரை நிமிட வேலை. ஏற்கெனவே எழுதிய நிரலுக்குச் சோதனை சேர்ப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது.

பிழை ஒன்றைத் திருத்தும் வேலை கொடுக்கப்பட்டால் முதல் வழியைக் கட்டாயம் கைக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சொன்ன அதே சூழலைச் சோதனையாக எழுதி, அது சிவப்பாவதைப் பாருங்கள். சிவப்பு வராவிட்டால் பிழையை நீங்கள் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். வந்த பிறகு திருத்துங்கள். அந்தச் சோதனை கோப்பில் நிலைத்திருப்பதால் அதே பிழை மறுபடி வந்தால் உடனே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் முதல் மாதத்தில் இப்படி மூன்று பிழைகளைத் திருத்தினால் குழுவில் மூத்தவர்கள் அவரிடம் பெரிய வேலைகளைத் தயங்காமல் கொடுக்கத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சோதனை சொல்லாதது

நாம் கேட்ட கேள்விக்குத்தான் சோதனை பதில் சொல்லும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஆரியன் 5 ஏவுகலம் தன் முதல் பயணத்தில் புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதன் திசையறியும் கருவியில் இருந்த நிரல் முந்தைய ஆரியன் 4இலிருந்து எடுத்தது. அங்கே குறையின்றி ஓடியது. ஆரியன் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்ததால், 64 பிட் (இரும இலக்க) எண் ஒன்றை 16 பிட் இடத்தில் வைக்க முயன்றபோது அது 32,767 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. புதிய ஏவுகலத்தின் பாதைத் தரவுகளைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

நம் வட்டாரத்துக்கே உரிய கேள்விகளை நாமே கேட்கவேண்டும். வேறெங்கோ இருப்பவர்களுக்கு அவை தோன்றா. சாய்கோடு உள்ள பெயர் ஒன்று. தமிழ் எழுத்து இன்னொன்று. 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். ஒருங்குறியில் (யூனிகோட்) இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் பைத்தான் அதன் நீளத்தை 5 என்று சொல்லும். ரசீதில் இடம் போதவில்லை என்று 'கோழிக் குழம்பு' என்பதை ஐந்து குறியீட்டோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'கோழிக' என்று அச்சாகும். இதைச் சோதிக்கவேண்டும் என்ற எண்ணம் தமிழ் படிக்கத் தெரிந்த நிரலாளருக்குத்தான் வரும். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பதும், ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 15 என்பது 1915ஆகவோ 2015ஆகவோ இருக்கலாம் என்பதும் இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு செயற்கூற்றை மட்டும் சோதிப்பதை அலகுச் சோதனை என்றும், பல பகுதிகளைச் சேர்த்துச் சோதிப்பதை ஒருங்கிணைப்புச் சோதனை என்றும் அழைப்பார்கள். பயனர் செய்வது போலத் திரையைத் தட்டித் தொடக்கம் முதல் இறுதி வரை பார்ப்பதும் உண்டு. முதல் வகையை நிறையவும் கடைசி வகையைக் குறைவாகவும் வைத்துக்கொள்வது வழக்கம், ஏனெனில் கடைசி வகை மெதுவாக ஓடும், அடிக்கடி காரணமின்றி உடையும். தொடங்குபவர் இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்தால் போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலையும் எழுதுகின்றன, கேட்டால் சோதனையையும் எழுதித் தருகின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் நிரலையும் சோதனையையும் ஒரே கருவி ஒரே மூச்சில் எழுதும்போது, விதியை அது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இரண்டிலும் அதே தவறு இருக்கும். இரண்டும் ஒத்துப்போய்ப் பச்சை காட்டும். எதிர்பார்க்கும் விடை நிரலுக்கு வெளியிலிருந்து வரவேண்டும்: மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதியிலிருந்து, சுங்கத் துறையின் அறிவிப்பிலிருந்து, கடைக்காரர் கையால் போட்டுக் காட்டிய கணக்கிலிருந்து. அம்மாவின் பெட்டியில் இருந்த ரிஜெக்ட் யூனிட்டுகளும் அதே பொறியால் தள்ளப்பட்டவை அல்ல; வேறோர் இடத்தில் வேறொரு பொறியில் கெட்டவை என்று உறுதிசெய்யப்பட்டவை.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது வீட்டில் செய்துவரச் சொல்லி ஒரு சிறிய கணக்கைப் பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. அப்படி வரும் நிரல்களைப் படிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக எனக்கு இருக்கிறது. பெரும்பாலானவற்றில் திரை அழகாக இருக்கும், சோதனைக் கோப்பு இருக்காது. அண்மையில் இந்த 5 காசுக் கணக்கையே கொடுத்திருந்தோம். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் இளைஞர், பாலிடெக்னிக் முடித்தவர், மொத்தக் காசை 5ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கி, மறுபடி 5ஆல் பெருக்கும் எளிய செயற்கூறு ஒன்றையும், 1242, 1243, 1247, 1248 என்ற நான்கு சோதனைகளையும் கொண்டுவந்திருந்தார். இந்தச் சோதனைகள் வேலை செய்கின்றன என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, செயற்கூற்றில் இரண்டு இடத்திலும் 5ஐ 10 ஆக்கி, சோதனைகளை ஓட்டினார்.

இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. 1243, 1247 இரண்டும் சிவப்பு. 1242உம் 1248உம் பச்சையாகவே நின்றன. ஏன் அவை மாறவில்லை என்று என் அருகில் இருந்தவர் கேட்டார். "அந்த இரண்டுக்கும் 5 காசுக்குச் சரிசெய்தாலும் 10 காசுக்குச் சரிசெய்தாலும் விடை ஒன்றுதான், அக்கா. அவற்றை மட்டும் எழுதியிருந்தால் இந்தத் தவறு எனக்குத் தெரிந்தே இருக்காது" என்று சொல்லிவிட்டு, 10ஐ மறுபடி 5 ஆக்கி, இன்னொரு முறை ஓட்டி, நான்கும் பச்சையான பிறகே மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார்.